செம்பருத்திக்குக் காய் எங்கே, டீச்சர்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்' பாடம் வரும் வாரத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் நானும் பல ஆண்டுகள் செய்துவந்தேன். காலையில் பள்ளிக்குள் நுழையும்போதே சுற்றுச்சுவர் ஓரத்துச் செடியில் நாலைந்து செம்பருத்திப் பூக்களைப் பறித்துக்கொள்வேன். வகுப்பில் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளக்கச் சொல்வேன். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று காட்டி, கரும்பலகையில் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டால் பாடம் முடிந்தது. பூ பெரியது, எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். கருவுற்ற பிறகு சூல்பை கனியாகிறது, சூல்கள் விதைகளாகின்றன என்று சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "செம்பருத்திக்குக் காய் எங்கே, டீச்சர்? வெண்டி காய்க்குது, பருத்தி காய்க்குது, பூவரசு காய்க்குது. இது மட்டும் பூத்துப் பூத்துக் கொட்டிடுதே?"

நான் கையில் வைத்திருந்த பூவைப் பார்த்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பூவை வைத்துக் கனி உருவாவதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதன் கனியை நான் கண்டதே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த வகுப்பில் நான் சொன்ன நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

விடை இதுதான். நாம் வீட்டிலும் பள்ளியிலும் வளர்க்கும் செம்பருத்தி, மனிதர்கள் அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தும் கலப்பு செய்தும் வளர்த்த செடி. விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. கிளையை ஒடித்து நட்டால் போதும், தழைத்துவிடும். அதன் செல்களில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கும் மேல் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையும் இரகத்துக்கு இரகம் மாறுபடுகிறது. அதனால் குன்றல் பகுப்பு ஒழுங்காக நடப்பதில்லை, நல்ல கேமீட்டுகள் உருவாவதும் குறைவு. எப்போதாவது காய் பிடிக்கலாம்; பெரும்பாலான செடிகளில் பிடிப்பதே இல்லை. பாலினப் பெருக்கத்துக்கு நாம் காட்டும் எடுத்துக்காட்டு, உடல இனப்பெருக்கத்தை நம்பி வாழும் செடியாக இருக்கிறது!

கேள்வி கேட்ட மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்தி எடுக்கும் நாள்களில் அவள் அடிக்கடி வரமாட்டாள். தேர்வில் படத்துக்குப் பாகம் குறிக்க வராது. 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் அவள் பெயரை எழுதியது நான்தான். பூக்கள் எவை எவை காய்க்கின்றன என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. காரணம், அவள் எங்களோடு இல்லாத நாள்களில் காட்டில் இருந்தாள்.

பெயரிலேயே பருத்தி

மறுநாள் அந்த மாணவி சொன்ன நான்கையும் மேசைமேல் வைத்தேன்: செம்பருத்தி, வெண்டை, பூவரசு, பருத்தி. நான்கும் மால்வேசி குடும்பம். இதை நான் சொல்லவில்லை. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். ஐந்து இதழ்கள், முறுக்கிய அடுக்கு, நடுவில் குழாய்போல் சேர்ந்து நிற்கும் மகரந்தத்தாள்கள், அந்தக் குழாய்க்குள் ஊடுருவி மேலே தலைநீட்டும் சூலகமுடி. ஒரு மாணவன், "செம்பருத்தின்னு பேர்லயே பருத்தி இருக்கே டீச்சர்" என்றான். வகைப்பாட்டியலுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குக் கிடைத்ததில்லை.

பூவரசம்பூ பல பள்ளிகளில் வாசலிலேயே உதிர்ந்து கிடக்கும். காலையில் மஞ்சளாக இருப்பது உதிரும்போது செம்பழுப்பாகிவிடும். அதன் காயைப் பம்பரமாகச் சுற்றாத கிராமத்துப் பிள்ளை கிடையாது. அந்தப் பம்பரத்தை உடைத்தால் உள்ளே அறைகள், விதைகள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் ஐந்து அறைகள், நடு அச்சில் ஒட்டிய விதைகள். அச்சு சூல் ஒட்டுமுறையை விளக்க நான் வரைந்த படங்களையெல்லாம் சத்துணவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்த ஒரு வெண்டைக்காய் தோற்கடித்தது. செம்பருத்தியின் சூல்பையை வெட்டினாலும் அதே ஐந்து அறைகள்தாம். அமைப்பு இருக்கிறது, விளைவு இல்லை. பூவின் பாகங்களுக்கு அது இன்றைக்கும் நல்ல பூ; அதைத் தாண்டிப் போக வேறு பூ வேண்டும்.

எங்கள் கல்லங்குறிச்சியைச் சுற்றி அந்த வேறு பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும்தான் முதன்மை. ஆவணி, புரட்டாசியில் விதைப்பது ஐப்பசி, கார்த்திகையில் பூத்து நிற்கும். நம் பாடமும் ஏறத்தாழ அப்போதுதான் வரும்.

நூல் கட்டிய பூக்கள்

பெற்றோர் ஒருவரின் அனுமதியோடு, பள்ளிக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு வரிசைப் பருத்தியை எடுத்துக்கொண்டோம். செய்தது எளிய வேலை. காலை ஒன்பது மணிக்குள் போய், அன்று மலர்ந்த பூக்களின் காம்பில் நூல் கட்டி, தேதி எழுதிய சிறு அட்டையைத் தொங்கவிட்டோம். பிறகு தினமும் இரண்டு பேர் போய்ப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

பூ மொட்டாக இருக்கும்போது மூன்று பூவடிச்சிதல்கள் அதை முக்கோணமாக மூடியிருக்கும். அதை இங்கே சப்பை என்பார்கள். பாடநூலில் இந்தச் சொல் இல்லை. ஆனால் 'சப்பை கொட்டுகிறது' என்று பெற்றோர் பேசிக்கொள்வது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே நான் கரும்பலகையில் 'சப்பை' என்று எழுதி, பக்கத்தில் 'மொட்டு, பூவடிச்சிதலுடன்' என்று எழுதினேன். தேர்வுக்கு ஒரு சொல், காட்டுக்கு ஒரு சொல். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

முதல் நாள் காலையில் பூ வெளிர்மஞ்சள். மாலைக்குள் இளஞ்சிவப்பு ஓடும். மறுநாள் நல்ல சிவப்பு. பிறகு வாடி, இதழும் மகரந்தத்தாள் குழாயும் ஒன்றாகக் கழன்று விழும். அடியில் கொண்டைஊசித் தலை அளவுக்குப் பிஞ்சு நிற்கும். இந்த நிறமாற்றத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது செய்தியே இல்லை. ஆனால் அந்த ஒன்றரை நாளில் உள்ளே என்ன நடந்தது என்பது செய்தி. சூலகமுடியில் விழுந்த மகரந்தத் தூள் முளைத்து, அதன் மகரந்தக் குழல் சூல்தண்டு வழியாக இறங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் சூலை அடைந்துவிடுகிறது. வெள்ளைப் பூ சேர்க்கைக்குக் காத்திருக்கும் பூ. சிவந்த பூவின் வேலை முடிந்துவிட்டது.

பருத்தியின் மகரந்தத் தூள் கனமானது, முள்முள்ளான மேற்பரப்பு உடையது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது. பெரும்பாலும் அதே பூவின் தூளே அதன் சூலகமுடியில் படும். தேனீ வந்தால் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும். எங்கள் பள்ளியின் ஒரே நுண்ணோக்கியில் அந்த முள்களைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு நழுவத்தில் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விடச் சொன்னேன். சில நொடிகளில் தூள்கள் ஒவ்வொன்றாக வெடித்து உள்ளிருப்பைக் கக்கின. சவ்வூடு பரவல் பாடத்தில் சொன்னதுதான்: வெளியே நீர், உள்ளே அடர்கரைசல்.

அப்போது அந்தக் கடைசி வரிசை மாணவி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அதான் காலையில மழ பேஞ்சா பூ கொட்டிடுது."

இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை. மலர்ந்த பூவுக்குள் மழைநீர் தேங்கினால் மகரந்தம் கெடும், கருவுறுதல் நடக்காது, கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடும். இந்த மூன்று படிகளையும் அவள் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டாள். அன்று மாலை அந்தப் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தேன். பட்டியலைக் கேட்டு வாங்குபவர்கள் காரணம் கேட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். முன்னேறியது யார் என்பது வேறு கதை.

நூல் கட்டிய பூக்களில் பாதிக்கு மேல் காயாகவில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். பருத்தியில் அது இயல்பு என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. செடி தன்னால் ஊட்ட முடிந்த அளவுக்கே காய்களை வைத்துக்கொண்டு மீதியை உதிர்க்கும். வறட்சி, தொடர் மேகமூட்டம், பூச்சித் தாக்குதல் எல்லாம் சேர்ந்தால் உதிர்வு இன்னும் கூடும். ஆனால் எது எந்தக் காரணத்தால் உதிர்ந்தது என்று அட்டையில் எழுத முயன்றபோதுதான் அவர்களுக்கு அறிவியலின் சிரமம் புரிந்தது. 'மழை' என்று எழுதியவர்களிடம், அதே நாளில் மலர்ந்த பக்கத்துப் பூ ஏன் காய்த்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த வாதம் ஒரு பாடவேளை முழுவதும் ஓடியது. நான் தலையிடவில்லை.

நின்ற காய்கள் ஒன்றரை மாதம் கழித்து வெடித்தன. மூன்று முதல் ஐந்து அறைகள், ஒவ்வோர் அறையிலும் பஞ்சு மூடிய விதைகள். பஞ்சு என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் மட்டுமல்ல, நம்மிலும் பலர் தடுமாறுவோம். அது இதழோ இலையோ நாரோ அல்ல. சூலின் மேல்தோலில் உள்ள ஒற்றைச் செல் பூ மலரும் நாளிலிருந்து நீளத் தொடங்கி, அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்டு, சுமார் மூன்று சென்டிமீட்டர் வரை வளர்கிறது. ஓர் இழை, ஒரு செல். மூன்று வாரம்போல் நீளம், அதன்பின் செல்சுவரில் செல்லுலோஸ் படிவது. காய் வெடித்துக் காய்ந்ததும் அந்தச் செல் சப்பையாகி முறுக்கிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் ஓர் இழையை வைத்தால் திருகிய நாடாபோல் அந்த முறுக்கு தெரியும். நூலாக நூற்க முடிவது அதனால்தான். பிள்ளைகள் உடுத்தியிருக்கும் சீருடையில் பருத்தி கலந்திருந்தால், அவர்கள் உடுத்தியிருப்பது கோடிக்கணக்கான ஒற்றைச் செல்களை.

அந்தக் காட்டின் உரிமையாளர், "இந்த விதையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வச்சாப் போடலாமாம்மா?" என்று கேட்டார். இன்று பயிராகும் பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு. உலகில் முதன்முதலாக வணிக அளவில் பயிரான பருத்தி வீரிய ஒட்டு இரகமான எச்-4-ஐ 1970-இல் குஜராத்தின் சூரத்தில் உருவாக்கியவர் சி. டி. படேல் என்ற இந்தியர். ஒட்டு விதை உருவாக்க, மறுநாள் மலரவிருக்கும் மொட்டை முந்தின நாள் பிற்பகலில் பிரித்து, இதழையும் மகரந்தத்தாள் குழாயையும் நகத்தால் கீறி எடுத்து, சூலகத்தை மூடிவைத்து, காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தொட்டுவைக்க வேண்டும். பூப்பூவாக, கையால். நம் பிள்ளைகள் வயதுச் சிறுமிகள் இந்த வேலையில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நம் மாநிலத்திலும் ஈடுபடுத்தப்பட்டதை நாடே பேசியது. வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒட்டுச் செடியின் விதையைத் திரும்ப விதைத்தால் பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி வேறாக வரும். மெண்டல் பாடத்தில் இரண்டாம் சந்ததி என்று எழுதுகிறோமே, அது அவருடைய கேள்விக்கான பதில்.

ஒரு நூலுக்கு ஒரு மணி

மக்காச்சோளம் பருத்திக்கு நேர் எதிர். ஆண் பூக்கள் செடியின் உச்சியில் கொத்தாக. பெண் பூக்கள் இடையில், மட்டைகளுக்குள் ஒளிந்த கதிரில். காற்றுதான் தரகர். கதிரின் நுனியில் பட்டு நூல்போல் தொங்குவது சூல்தண்டும் சூலகமுடியும். ஒவ்வொரு நூலும் ஒரே ஒரு சூலுக்குப் போகிறது. அதில் மகரந்தம் பட்டு, குழல் நூலின் முழு நீளத்துக்கும் இறங்கி வந்தால் ஒரு மணி பிடிக்கும். படாவிட்டால் அந்த இடம் வெறுமை. கதிரில் மணி பிடிக்காத இடங்களை எண்ணச் சொன்னால், எத்தனை கருவுறுதல்கள் தவறின என்று பிள்ளைகள் எண்ணிவிடலாம். அடிப்பக்கத்து நூல்கள் முதலிலும் நுனிப்பக்கத்து நூல்கள் கடைசியிலும் வெளிவருவதால், பின்தங்கியவற்றுக்கு மகரந்தம் கிடைக்காமல் நுனி பொக்கையாவது வழக்கம். 2018-இல் படைப்புழு வந்து இந்த நூல்களையும் தின்றபோது எங்கள் பகுதி என்ன பாடுபட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை: கதிரில் மணி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இரட்டைப்படையாகத்தான் வரும். சிறுகதிர்கள் இணை இணையாகத் தோன்றுவதே காரணம். எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றைப்படைக் கதிரைக் கண்டுபிடிப்பதாகப் பந்தயம் கட்டி, தெருத்தெருவாகக் கதிர் பொறுக்கினார்கள்.

இரட்டைக் கருவுறுதலை நடத்த மக்காச்சோளத்தை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மகரந்தக் குழல் இரண்டு ஆண் கேமீட்டுகளைக் கொண்டுவருகிறது. ஒன்று அண்டத்துடன் சேர்ந்து கருவாகிறது. மற்றது இரண்டு துருவ உட்கருக்களுடன் சேர்ந்து மும்மடியக் கருவூண் திசுவாகிறது. இதைச் சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைகள் எழுதிக்கொண்டே போவார்கள். ஊறவைத்த மக்காச்சோள மணியை நீளவாக்கில் வெட்டிக் கையில் கொடுத்தால், ஒரு பக்கத்தில் முளைக்கரு, மீதி முழுவதும் மாவு. 'முளை வரும் பாகம் முதல் சேர்க்கை, நாம் தின்னும் மாவு இரண்டாம் சேர்க்கை' என்றால் போதும். பிறகு ஊறிய பருத்திக்கொட்டையைப் பிளக்கச் சொல்வேன். அங்கே கருவூண் திசு ஏறத்தாழ இல்லை. வளரும்போதே கரு அதைத் தின்று தீர்த்து, மடித்துவைத்த வித்திலைகளில் எண்ணெயாகச் சேமித்துவிட்டது. பருத்திப்பால் குடித்த பிள்ளைகளுக்கு அந்த வித்திலையின் சுவை தெரியும்.

இந்த நிகழ்வை 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் லில்லி வகைத் தாவரங்களில் கண்டார். மறு ஆண்டே பிரான்சின் கிக்னார்டும் விவரித்தார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன், 1824-இல், மகரந்தத் தூளிலிருந்து குழல் புறப்படுவதை முதலில் பார்த்தவர் இத்தாலியர் அமிச்சி. அவர் பார்த்த செடி நம் பருத்திக் காட்டில் களையாக மண்டும் பருப்புக்கீரை. நம் நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர் பஞ்சானன் மகேஸ்வரி. ஜெய்ப்பூரில் 1904-இல் பிறந்தவர். 1950-இல் வெளியான அவருடைய மூடுவிதைத் தாவரக் கருவியல் நூல் உலகெங்கும் பாடநூலானது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, மகரந்தத்தையும் சூல்களையும் சோதனைக் குழாயில் வைத்தே கருவுறச் செய்து காட்டியது.

மகரந்தக் குழலை நாமும் பார்க்கலாம். நித்தியகல்யாணி அல்லது காசித்தும்பைப் பூவின் மகரந்தத்தைச் சுமார் பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசலில், அதாவது நூறு மில்லி நீருக்குப் பத்து கிராம் சர்க்கரையில், தூவி அரை மணி நேரம் விட்டால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் பவுடர் மிகச் சிறு துளி சேர்த்தால் இன்னும் நன்றாக முளைக்கும். பூ அன்று காலையில் மலர்ந்ததாக இருக்க வேண்டும். மதியத்துப் பூவை வைத்து ஒரு முறை முயன்று, பிள்ளைகள் முன் அசடு வழிந்திருக்கிறேன்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு பரங்கிக்கொடி போதும். மார்கழியில் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கப் பரங்கிப்பூ பறிக்க அனுப்பும்போது, "பிஞ்சு இல்லாத பூவாப் பாத்துப் பறி" என்று அப்பாயிகள் சொல்லி அனுப்புவார்கள். பிஞ்சு இருப்பது பெண் பூ, இல்லாதது ஆண் பூ. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடும். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் காலையிலேயே தொட்டுவைத்தால் பிஞ்சு நிற்கும்.

விதை வெளியே இருக்கிறதே!

மாசி, பங்குனியில் வேறொரு கேள்வி வரும். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி காய்க்கும் காலம். உறவினர் வீட்டுக்குப் போய்வந்த ஒரு மாணவன் பழத்தோடு வந்தான். "டீச்சர், விதை வெளியில இருந்தா திறந்தவிதைத் தாவரம்னு சொன்னீங்க. முந்திரிக்குக் கொட்டை வெளியிலதான் தொங்குது. அப்ப அது ஜிம்னோஸ்பெர்மா?"

கேள்வி தவறு என்று ஒதுக்கினால் அவன் பாடத்தை நம்புவதை விட்டுவிடுவான், அல்லது கண்ணை நம்புவதை விட்டுவிடுவான். இரண்டும் நஷ்டம். நாம் பழம் என்பது பூக்காம்பு வீங்கியது, பொய்க்கனி. வெளியே தொங்கும் சாம்பல்நிறக் கொட்டைதான் சூல்பையிலிருந்து வந்த உண்மையான கனி, முழுக் கனி. அதன் தோட்டுக்குள் கையைப் பொத்துப்போக வைக்கும் எண்ணெய். அதற்கும் உள்ளே விதை, நாம் வறுத்துத் தின்னும் பருப்பு. ஆக விதை பத்திரமாக மூடியே இருக்கிறது. முந்திரியின் ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். ஆண் பூக்களே அதிகம். கொத்து நிறையப் பூத்தும் நாலைந்து கொட்டை நிற்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. பருப்பை வகுப்பில் உடைக்கலாம். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

உண்மையான திறந்தவிதை மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் எங்கள் பக்கத்தில் ஒன்று படுத்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம். சுமார் 18 மீட்டர் நீளம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்குத் தெரிவித்தார். இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கிரிடேசியஸ் காலத்தது, பன்னிரண்டு கோடி ஆண்டு என்று சொல்வார்கள். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. பூ என்று ஒன்றை அது பூத்ததே இல்லை.

அந்தக் கிரிடேசியஸ் காலத்தில்தான், 14.5 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடையில், பூக்கும் தாவரங்கள் தோன்றிப் பரவி நிலத்தைக் கைப்பற்றின. அவ்வளவு வேகமாக எப்படிப் பெருகின என்பது டார்வினையே உறுத்தியது. 1879-இல் தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒரு பெரும் புதிராகக் குறிப்பிட்டார். அக்காலத்தின் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் ஆழமில்லாத கடல். அந்தக் கடலின் சிப்பிகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் அடுக்குக்குப் புவியியலில் 'கல்லங்குறிச்சி படிவம்' என்றே பெயர். பிள்ளைகள் கனத்த கல்சிப்பிகளை எடுத்துவந்து என் மேசையில் வைப்பார்கள். "டீச்சர், இந்தச் சிப்பி உயிரோட இருந்தப்ப கரையில பூ இருந்துச்சா?" என்று ஒருவன் கேட்டபோது, இருந்தது என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. ஊர்ப் பெயர் உலக அறிவியல் கட்டுரைகளில் வருகிறது என்று தெரிந்த அன்று அவர்கள் நடந்த நடையே வேறு. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூருக்கும் ஒரே நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று வரலாம்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காட்டுக்குப் போனது மொத்தம் இரண்டு முறைதான். மீதியைப் பிள்ளைகள் போகிற வழியில் பார்த்துக்கொண்டார்கள். தேர்வுக்கான சூலின் படத்தையும் பாகங்களையும் பாடநூலில் உள்ளபடியே எழுதிப் பழக்கினேன். அதில் சமரசம் இல்லை, மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு வேலை மறக்கக் கூடாது. எந்தக் காட்டுக்குப் போனாலும் கடைசியாக என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடித்துச் சில நாள்களே ஆகியிருந்தால் வேறு காட்டுக்குப் போங்கள். நாங்கள் அப்படிக் கேட்டதில் ஒரு பயன் விளைந்தது. பூ காலையில்தான் திறந்திருக்கும், தேனீயும் அப்போதுதான் வரும் என்று குறிப்பேட்டைக் காட்டி அந்த மாணவி வீட்டில் வாதாடியிருக்கிறாள். அவள் அப்பா காலையில் அடித்துக்கொண்டிருந்த மருந்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டதாக வந்து சொன்னார். "டீச்சரம்மா, நீங்க சொன்னதாச் சொல்லுது புள்ள" என்றார். நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தது என்று சொல்லி அனுப்பினேன்.

நூல் கட்டுவதற்கு வெள்ளை நூலை எடுக்காதீர்கள். முதல் ஆண்டு நாங்கள் அதைத்தான் கட்டினோம். காய் வெடித்த பிறகு எது நூல், எது பஞ்சு என்று தெரியாமல் வரிசை முழுவதும் தேட வேண்டியதாயிற்று. இப்போது பச்சை நூலும் இல்லை, சிவப்புதான்.